ஒன்பது நாற்பதுக்கு வந்த பதிவு

ஏரிக் காவலர் கறாராகச் சொல்லிவிட்டார். பத்துப் பேராவது வருவதாக இருந்தால்தான் விடியற்காலையில் கதவைத் திறப்பாராம். ஐந்து பேர் கொக்கு பார்ப்பதற்காகத் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாதாம்.

பறவை பார்க்கும் குழுவில் அப்போது மொத்தமே ஐந்து பேர்தான். மருந்துக் கடைக்காரரும் அவருடைய தம்பியும் வந்தால் வருவார்கள், இல்லையென்றால் இல்லை. தவறாமல் வருபவர்கள் மூன்று பேர்: பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் கடை வைத்திருக்கும் ஸ்டிக்கர் கடைக்காரர், அவருக்கு இரண்டு கடை தள்ளியிருந்த தையல்காரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நடத்துனர். நடத்துனரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் ஊதிய விசிலைப் பறவைகளிடமும் ஊதிப் பார்ப்பது அவர் வழக்கம். அதைக் கேட்டு இதுவரை ஒரு பறவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

குழுவுக்கு விடியல் என்று பெயர் வைத்தவர் ஸ்டிக்கர் கடைக்காரர். ஆள் சேர்க்க க்யூஆர் கோடு ஒட்டலாம் என்று சொன்னவரும் அவரே.

"கட்டம் கட்டமா ஒண்ணு, அதை போன்ல காட்டினா ஃபார்ம் திறக்கும். பேரு, வயசு, போன் நம்பர், விலாசம். எழுதி அனுப்பினா நமக்கு வந்துடும். வேலை முடிஞ்சுது" என்றார் அவர்.

"அதோட, நடக்க முடியுமா, மூச்சு வாங்குமான்னும் கேட்டுத் தொலைங்க அண்ணே" என்றார் தையல்காரம்மா. "போன வருஷம் புதுசா வந்த அந்தம்மா ஏரிக்கரையில மயங்கி விழுந்தாங்களே, என் உயிரே போயிடுச்சு. என்ன மருந்து சாப்பிடுறாங்கன்னுகூட நமக்குத் தெரியலை."

"இவ்வளவு கேட்டா ராணுவத்துக்கு ஆள் எடுக்குறாங்கன்னு ஓடிடுவாங்க" என்றார் விசில்.

"உங்களை எடுத்தோமே, அதைப் பார்த்தா யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க" என்றார் தையல்காரம்மா.

சிரித்துக்கொண்டே கடைக்காரர் கேள்விகளைச் சேர்த்தார். நீண்ட தூரம் நடக்க முடியுமா. மூச்சு வாங்குமா. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். எந்த நாள் வசதிப்படும். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியதும் திரையில் ஒரு பதில் வரும்படியும் செய்தார். அதை மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினார். மரியாதையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. "உங்கள் பதிவு கிடைத்தது. விரைவில் அழைக்கிறோம். அதுவரை காத்திருக்கவும். நன்றி."

பிறகு உள்ளங்கை அளவில் நாற்பது ஸ்டிக்கர்கள் அடித்தார். நடுவில் கோடு, அதற்கு மேல் தடித்த எழுத்தில் 'பதிவு செய்ய ஸ்கேன் செய்யவும்', மூலையில் நகம் அளவுக்கு ஒரு மீன்கொத்தி.

விசில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பறவைன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே, முதலாளி. ஃபார்ம்லயும் விடியல்னுதான் போட்டிருக்கீங்க."

"வேணும்னுதான் விட்டேன். கொஞ்சம் புதிரா இருந்தாத்தான் ஸ்கேன் பண்ணுவான். பறவைன்னு போட்டா பாதிப் பேர் அப்பவே போயிடுவான். உள்ள வரட்டும், நாம போன் பண்ணி சொல்லிக்கலாம்."

இதில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. விற்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். பொய் சொல்லவில்லை, முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவே. ஆனாலும் விசில் கேட்டபோது கடைக்காரர் மனம் ஒரு நொடி உறுத்தியது. நம்மை உறுத்துவது பெரும்பாலும் சரியாகத்தான் உறுத்துகிறது. நமக்குத்தான் அதைத் தட்டிவிட்டுப் போகப் பழகிவிட்டது.

அந்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை இருந்தது. அறைக் கதவுகளுக்கெல்லாம் புது எண் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் ஏணியும் கையுமாக அலைந்ததில் அங்கே எல்லோருக்கும் அவர் முகம் பழகிவிட்டது. வெளிநோயாளிகள் கூடத்தில் நூறு பேர் சும்மா உட்கார்ந்து தூணையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் சேர்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. பெஞ்சுகளுக்கு எதிரே இருந்த தூணில், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு, ஒரு சுருக்கம் விழாமல் தன் ஸ்டிக்கரை ஒட்டினார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். கேட்காததற்கு அதுதான் காரணம்.

ஆஸ்பத்திரியின் சொந்தக் கோடு ஒன்றும் அங்கே இருந்தது. டோக்கன் வாங்க அதைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பதிவு செய்யும் ஜன்னலின் கண்ணாடியில், வரிசையில் நிற்பவர்களின் முதுகுகளுக்குப் பின்னால், அது மறைந்திருந்தது.

மற்ற ஸ்டிக்கர்களை மூவரும் ஊரில் அங்கங்கே ஒட்டினார்கள். இரண்டு வாரம் ஒரு பதிவும் வரவில்லை. கடைக்காரருக்கு மனசு விட்டுப்போயிற்று. மூன்றாவது வாரம் ஒரு பள்ளிக்கூட ஆர்டர் வந்து அதில் மூழ்கிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம், சும்மா பார்ப்போமே என்று திறந்தால், பதினோரு பதிவுகள் காத்திருந்தன.

அவர் கடை வாசலுக்கு வந்து கை தட்டிக் கூப்பிட்டார். தையல்காரம்மா வாயில் கடித்த ஊசியோடு வந்தார். எதிர்க் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த விசிலும் வந்தார்.

"பதினொண்ணு. நம்ம அஞ்சையும் சேர்த்தா பதினாறு. காவலர் இனிமே ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து கதவைத் திறக்கட்டும்" என்றார் கடைக்காரர்.

"படிங்க, யாரு யாருன்னு பார்ப்போம்."

முதல் இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். மூன்றாவது பதிவு ஒரு பெண்ணுடையது. வயது நாற்பத்தாறு. நீண்ட தூரம் நடக்க முடியுமா என்ற இடத்தில், 'முடியாது, நாலு படி ஏறினாலே நிக்கிறாங்க' என்று இருந்தது.

"அப்போ இவங்களைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றார் விசில். "தூக்குறதுக்கு முதலாளி இருக்கார்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தார். மூச்சு வாங்குமா: 'காலைல இருந்து ரொம்ப. இடது கை வலிக்குதாம்.' என்ன மருந்து: 'பிரஷர் மாத்திரை மட்டும்.' எந்த நாள் வசதிப்படும்: 'இன்னைக்கு. இப்பவே. வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருக்கோம்.'

அவர் நிறுத்தினார். தையல்காரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னைக்கு வந்தது அண்ணே?"

"திங்கக்கிழமை. காலைல ஒன்பது நாற்பது."

மற்றவற்றையும் பார்த்தார்கள். பதில்களைப் பார்த்தால், இன்னும் மூன்று பேர் அதே தூணிலிருந்து எழுதியிருந்தார்கள். அந்த எண்களுக்குக் கடைக்காரர் போன் செய்தார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பொறுமை இழந்து ஜன்னலுக்கே போய் டோக்கன் வாங்கியவர்கள். ஒருவர் திட்டினார், மற்ற இருவர் சிரித்தார்கள். கடைசியாக அந்தத் திங்கட்கிழமை எண்ணைப் போட்டார். ஓர் ஆண் எடுத்தான்.

"விடியல்ல இருந்து பேசுறோம். திங்கக்கிழமை நீங்க ஒரு பதிவு…"

"இப்பவா கூப்பிடுறீங்க?" என்றான் அவன். கோபமாக அல்ல, நிஜமாகவே கேட்பது போல. "அக்கா போய் நாலு நாள் ஆச்சு. நீங்க கூப்பிடுவீங்க, கூப்பிடுவீங்கன்னு அங்கேயே உக்காந்திருந்தோம் சார்."

"மன்னிச்சுக்குங்க" என்றார் கடைக்காரர். போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் தெரிந்தது, தான் ஆஸ்பத்திரி ஆள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பதும், அப்படியே நினைக்க விட்டுவிட்டதும்.

அவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டியில் போகும்போது, கடவுளே, அந்த அம்மாவுக்கு எப்படியும் ஆயுசு அவ்வளவுதான் என்று இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அடுத்த சிக்னலிலேயே அந்த வேண்டுதல் எவ்வளவு அசிங்கமானது என்று அவருக்குப் புரிந்தது. அதன்பின் ஒன்றும் வேண்டவில்லை.

தூணில் அது இருந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. நல்ல பசை, அவரே பார்த்து வாங்கியது. பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் வேலை பார்க்கும் பெண் டீக் குடிக்க வெளியே வந்தாள்.

"என்னண்ணே, இன்னும் நம்பர் ஒட்டி முடியலையா?"

அவர் திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டார். அவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"லேத் பட்டறையில வேலை செய்யிற ஆள். அக்காவைக் கூட்டிட்டு வந்திருக்கார். அவசர வார்டுக்குப் போலாம்னாராம், அந்தம்மாதான் அதெல்லாம் வேணாம்டா, வரிசையிலயே போலாம்னு சொல்லிச்சாம். பதினொன்றரை மணிக்கு என்கிட்ட வந்து, பதிஞ்சாச்சு, இன்னும் கூப்பிடலையேன்னு கேட்டார். பதிஞ்சிருந்தா கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டேன். பன்னெண்டு மணிக்கு அந்தம்மா பெஞ்சுல இருந்து சரிஞ்சிட்டாங்க. டாக்டர் ஓடி வந்து பார்த்துட்டு, ரெண்டு மணி நேரம் முந்தி காட்டியிருக்கக் கூடாதாப்பான்னு கேட்டார்."

"அப்புறம்?"

"கம்ப்யூட்டர்ல பார்த்தா அவங்க பேரே இல்லை. அந்தம்மாவோட வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் இவரை இங்கேயே, எல்லாரும் பார்க்க, அறைஞ்சிட்டார். பதியாமலே போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தியாடான்னு. இவர் தினமும் வர்றார். பதிஞ்சேன், பதிஞ்சேன், இன்னொரு தடவை பாருங்கன்னு. இன்னைக்கும் வந்தார். இல்லாததை நான் எங்கேருந்து காட்டுறது?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு அவர் கேட்டப்ப நான் நிமிர்ந்துகூடப் பார்க்கலைண்ணே. பார்த்திருந்தா, அந்த முகத்தைப் பார்த்திருந்தா, என்னமோ ஏதோன்னு எழுந்து வந்திருப்பேன்."

கடைக்காரர் கையிலிருந்த சுரண்டல் துண்டுகளை அவளிடம் காட்டினார். என்ன என்று சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு டீயைக் குடிக்காமலே உள்ளே போனாள்.

அன்று மாலை மூவரும் கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அழிச்சிடுங்க" என்றார் விசில். "ஒரு பட்டன்தானே. யாருக்கும் தெரியாது. சொன்னா கடையும் போயிடும், பேரும் போயிடும். போன உயிர் திரும்பி வரப்போறதில்லை. நாம என்ன கொலையா பண்ணினோம்?"

"அந்தத் தம்பி பேரு போச்சே, அது?" என்றார் தையல்காரம்மா. "அவர் பதிஞ்சாருங்கிறதுக்கு உலகத்துல இருக்கிற ஒரே சாட்சி நம்மகிட்ட இருக்கு. அதைப் போய் அழிக்கச் சொல்றீங்க."

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும். அதனாலதான் கோபம்கூட வரலை."

விசில் எழுந்து போய்விட்டார். இனி வர மாட்டார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஆனால் சனிக்கிழமை மதியம் அவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஊர் முழுவதும் நடந்து சுரண்டி எடுத்த ஸ்டிக்கர் துண்டுகள். இரண்டு விரல் நகங்கள் உடைந்து ரத்தம் கட்டியிருந்தன.

"மார்க்கெட் பக்கம் மூணு மட்டும் கிடைக்கலை. நாளைக்கு மறுபடி பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரர் அந்தப் பதிவைத் தன் கடையிலேயே அச்செடுத்தார். மேலே தேதியும் நேரமும், கீழே கேள்விகளும் பதில்களும். எத்தனையோ ஆயிரம் தாள்கள் எடுத்த இயந்திரம். இந்த ஒரு தாளை அது வெளியே தள்ளும்போது அவரால் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கிளம்பியபோது தையல்காரம்மா தெருமுனையில் நின்றிருந்தார்.

"நீங்க எதுக்கும்மா?"

"மூச்சு வாங்குமான்னு கேக்கச் சொன்னது யாரு? அந்தக் கேள்வியைப் பார்த்துத்தானே அவர் ஆஸ்பத்திரி ஃபார்ம்னு நினைச்சார். நடங்க."

படிவத்தில் எழுதியிருந்த விலாசம் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். வெளிப்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். சட்டைக் கையின் ஓரத்தில் இயந்திர எண்ணெய்க் கறை. தாடி ஒரு வாரம் வளர்ந்திருந்தது. கதவு அவனுக்குப் பின்னால் சாத்தியிருந்தது.

"யாரு வேணும்?"

"உங்களைத்தான் பார்க்க வந்தோம். வெள்ளிக்கிழமை போன் பண்ணினேனே."

குரலை வைத்து அவன் அடையாளம் கண்டுகொண்டான். சட்டென்று எழுந்து நின்றான். "ஆஸ்பத்திரியிலேர்ந்தா? பேரு கிடைச்சுதா சார்?"

"நான் ஆஸ்பத்திரி இல்லை தம்பி. அன்னைக்கு அதைச் சொல்லாம விட்டது தப்பு. அந்தத் தூண்ல இருந்த கோடு என்னோடது. நான்தான் ஒட்டினேன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குழு, ஏரி, பத்துப் பேர், பறவை என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டது, யாரிடமும் கேட்காமல் ஒட்டியது. சொல்லச் சொல்ல எல்லாம் எவ்வளவு சின்ன விஷயங்கள் என்று அவருக்கே தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடியில் அடங்கிவிடும். தையல்காரம்மா இடையில் ஒரே ஒரு முறை, "கேள்வி சேர்த்தது நான்" என்றார்.

அவன் கோபப்படவில்லை. அது அவர்களுக்கு அடியைவிட வலித்தது.

"அப்போ நான் பதிஞ்சேன்" என்றான்.

"பதிஞ்சீங்க. ஒன்பது நாற்பதுக்கு."

"நான் எழுதினதெல்லாம் அப்படியே இருக்கா?"

"இருக்கு. கொண்டு வந்திருக்கேன்."

"இதை உள்ள வந்து சொல்லுங்க" என்று அவன் கதவைத் தள்ளினான். தான் முதலில் போகாமல், ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டான்.

உள்ளே அக்காவின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, அதற்குள் யாரும் குடியில்லாதது போல இருந்தது. இருபது வயது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தாளை நீட்டினார். அவர் வாங்கவில்லை. மகள்தான் எழுந்து வாங்கினாள். வாங்கி, சத்தமாகவே படித்தாள். அம்மாவின் பெயர். வயது. நாலு படி ஏறினாலே நிக்கிறாங்க. காலைல இருந்து ரொம்ப. இடது கை வலிக்குதாம். கடைசி வரியை மெதுவாகப் படித்தாள். இன்னைக்கு. இப்பவே.

"ஒன்பது நாற்பதுப்பா" என்றாள் பிறகு. "மாமா சொன்ன அதே நேரம்."

கடைக்காரர் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதர் அவரை உற்றுப் பார்த்தார்.

"பறவையா?"

"ஆமாங்க."

"பறவை பார்க்கிறதுக்கா?"

"ஆமாங்க."

அவர் அதை இன்னொரு முறை கேட்பார் போல இருந்தது. கேட்கவில்லை. கடைக்காரர், தான் எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வதாகவும், ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் கையெழுத்துப் போட்டு எழுதித் தருவதாகவும் சொன்னார்.

"எழுதிக் கொடுங்க" என்றார் அவர். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. இந்த வீட்டுப் பக்கம் இனிமே வராதீங்க."

கடைக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். தன் பெயர், கடை விலாசம், செய்தது. எழுத்து கோணியது. ஊருக்கெல்லாம் நேர்கோட்டில் எழுத்து ஒட்டித் தந்தவர்; அன்று ஒரு வரிகூட நேராக வரவில்லை. கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்தார். அவர் எழுந்ததும் தையல்காரம்மா கைகூப்பினார். யாரும் பதிலுக்குக் கும்பிடவில்லை. அவர்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கதவு திறந்தே இருந்தது. லேத்காரன் இன்னும் சுவரோரமாகவே நின்றான். தன்மேல் இருந்த பழி போய்விட்டது என்ற நிம்மதி அவன் முகத்தில் துளியும் இல்லை. இனி யார்மேல் கோபப்பட்டாலும், யார் அவன்மேல் கோபப்படாவிட்டாலும், அந்த இரண்டு மணி இருபது நிமிடம் அவன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உட்கார்ந்திருந்ததுதான்.

அக்காவின் கணவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிமிராமலே அவனிடம் கேட்டார்.

"காலைல இருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல."

"இல்லை அத்தான்."

"நேத்து?"

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

அந்தப் பெரிய மனிதர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்பக்கம் திரும்பி, "மாமாவுக்குச் சோறு போடும்மா" என்றார். மகள் ஏற்கெனவே சமையலறைக்குப் போயிருந்தாள்.

கடைக்காரரும் தையல்காரம்மாவும் சத்தம் செய்யாமல் படியிறங்கினார்கள்.